டெல்பர்ட் வயல் நடுவே ஒரு சாலை

அன்புள்ள டெல்பர்ட்டுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். வேலை போய் மொபீல் நகரத்துக்கு வந்த பிறகு, நம் மாவட்டத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. உன் வீட்டுக்காரி மேவிஸுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று என் தங்கை சொன்னாள். சந்தோஷம். மேவிஸ் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

உன் மேல் உண்டு. மாவட்டக் குழுத் தலைவராக உட்கார்ந்துகொண்டு, நிறைந்த கூட்டத்தில், "நம்ம பிளானர் சாருக்கு நேரா ஒரு கோடு போட வராதுப்பா. ஒரு காக்கா பறந்தாக்கூட ரோட்டை வளைச்சுடுவாரு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் திட்ட அலுவலகத்தில் என் நாற்காலிக்கு உன் மைத்துனன் வந்தான். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அந்தச் சாலைக்கு ஓட்டெடுப்பாமே. உன் நிலத்தின் நடுவே, கடற்படை விமானிகள் பறக்கப் பழகும் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் ஒரே நேர்கோடு. இருபுறமும் உயர்ந்த விளக்குகள், வீடுகள், மழைநீர்க் குளம். குளம் கொக்கையும் வாத்தையும் கூட்டிவரும், அவை விமான எஞ்சினில் சிக்கும். இரவில் பறக்கப் பழகும் பிள்ளைக்கு அந்த விளக்கு வரிசை ஓடுதளம் போலவே தெரியும். சாலையே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கிழக்கே வளைத்துக்கொண்டுபோய், வீடுகளையும் அங்கே தள்ளி வை, விளக்குகளைத் தரைபார்த்து மூடிப் போடு என்றுதான் சொன்னேன்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, எஞ்சின் நின்றுபோன பயிற்சி விமானம் ஒன்று உங்கள் வேர்க்கடலை வயலில் வயிறு தேய இறங்கியதே, நினைவிருக்கிறதா? உன் அப்பா மண்வெட்டியோடு ஓடினார். "இத்தாம்பெரிய ஃப்ளாரிடாவுல உனக்கு எறங்க என் கடலைதான் கெடைச்சுதாடா?" என்று கத்தினார். "மன்னிச்சுக்குங்க சார், இங்கதான் மரமில்ல" என்று அந்தப் பையன் சொன்னான். உன் அம்மா அவனைச் சமையலறையில் உட்காரவைத்துச் சோளரொட்டியும் குளிர்ந்த தேநீரும் கொடுத்தார். ஒரு கையால் பிடிக்க முடியாமல், தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். அவன் தலைக்கவசத்தை யார் முதலில் மாட்டுவது என்று நீயும் நானும் வாசலில் கட்டிப்புரண்டோம். நீதான் ஜெயித்தாய். அன்றைக்கு அது எனக்கு வலிக்கவில்லை.

பிறகு அக்கம்பக்கத்தில் எல்லோரும் பெக்கான் கொட்டை மரம் நட்டுக் காசு பார்த்தார்கள். உன் அப்பா நடவில்லை. நாற்று விற்க வந்தவனிடம், "மரத்த வச்சுட்டா அந்தப் பயலுக எங்கய்யா போய் எறங்குவானுக? உன் தலையிலயா?" என்று எரிந்து விழுந்தார். சாகும்வரை அந்த வயலில் கடலையேதான் போட்டார்.

இன்றும் அந்த வயலுக்கு மேலேதான், எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இறங்கப் பழகுகிறார்கள். நிஜமாகவே அது நின்றுபோகும் நாளில், கீழே யாரோ ஒருத்தி தன் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். மேலே இருப்பவனுக்கும் போக வேறு இடம் இருக்காது. டெல்பர்ட், சாலையை வளைத்துவிடு. அதை உன் யோசனை என்றே சொல்லிக்கொள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீயும் மேவிஸும் நீண்ட நாள் சுகமாக இருங்கள்.

பெயர் போட்டு அனுப்பினால், குழுவின் வழக்கப்படி குமாஸ்தா இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தாக வேண்டும். நீ தலைகுனிந்து கேட்பதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அப்புறம் வீம்புக்காகவே நேர்கோட்டுக்குக் கை தூக்குவாய். உன்னை எனக்குத் தெரியும். பெயரில்லாத கடிதத்தைக் கூட்டத்தில் படிப்பதில்லை, அது தலைவரின் மேசையோடு நின்றுவிடும். யார் எழுதியது என்று நீ ஒருவன் அறிந்தால் போதும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.