விராலுக்கு விழுந்த வெட்டு

சுருளிப்பட்டி,
வைகாசி, 1943.

பிரியமுள்ள மாப்பிள்ளை வீரணன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ராஜாத்தியின் மூத்த அண்ணன் சீனிச்சாமி எழுதுவது. இங்கு எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் காகிதத்தை எடுத்தேன். எனக்கு முன்பல் இரண்டைக் காணோம். என் தம்பி முத்துக்கருப்பனுக்குக் காறையெலும்பு ஒடிந்திருக்கிறது. உங்கள் தம்பி சுருளிவேலுக்கு ஒரு பாதம் போய்விட்டது. மற்றபடி நலம்.

பட்டாளத்தில் லீவு கிடைத்துவிட்டது, முத்துக்கருப்பன் தலையை எடுத்த பிறகுதான் ஊரில் பச்சைத்தண்ணீர் குடிப்பேன் என்று உங்கள் ஐயாவுக்கு எழுதியிருந்தீர்கள். அதைச் சாவடியில் உரக்க வாசிக்கச் சொல்லி, வேண்டுமென்றே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் தம்பி தலையை எடுக்கப்போகும் சேதியை நானே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கையெழுத்து நன்றாக இருந்தது.

சுருளிவேலுக்குப் பாதம் போன அந்த ராத்திரி பந்தம் பிடித்தவன் நான். அதனால் பஸ் ஏறுமுன் இதையும் ஒருதடவை படித்துவிடுங்கள்.

நம் தம்பிமார் இருவருக்கும் உள்ள வழக்கு நீங்கள் அறிந்ததுதான். பெரிய விராலைப் பகலில் பிடிப்பதா, ராத்திரியில் பிடிப்பதா? வெயில் ஏறும் நேரத்தில் தூண்டிலில் தவளையைக் கோத்து இலையோரம் தத்தவிட்டால் விரால் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும் என்பது சுருளிவேல் கட்சி. இருட்டில் அது கரையோரம் ஒதுங்கி அசையாமல் கிடக்கும், பந்த வெளிச்சத்தில் பார்த்து அரிவாளால் ஒரே வெட்டு என்பது முத்துக்கருப்பன் கட்சி. இந்த வருஷம் கண்மாய் வற்றியதும் தொடைப் பருமனில் ஒரு விரால் தென்பட்டது. என் தொடையை நினைத்துச் சிரிக்க வேண்டாம், உங்கள் தொடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும் என்று பந்தயம் போட்டார்கள். எனக்கு மீசை ஒழுங்காக முளைக்காததால் என்னை நடுவராக வைத்தார்கள்.

முதலில் பகல்காரனுக்கு வாய்ப்பு. சுருளிவேலின் தவளையை விரால் கவ்வியது உண்மை. கயிறு அறுந்ததும் உண்மை. முத்துக்கருப்பன் அதோடு வாயை மூடியிருக்கலாம். பகல்ல மீன் பிடிக்கிறது பொண்ணு பாக்கப் போற மாதிரிடா, பலகாரத்தைத் தின்னுட்டு வெறுங்கையோட வர வேண்டியதுதான் என்றான். சுருளிவேலுக்குத் தேவாரம் ஊரில் பார்த்த பெண் தட்டிப்போன சூடு இன்னும் ஆறவில்லை. தூண்டில் மூங்கிலாலேயே முத்துக்கருப்பன் முகத்தில் இழுத்தான். கன்னம் கிழிந்தது. இவன் அவனைச் சேற்றில் போட்டு மிதித்தான். விலக்கப்போன நடுவருக்கு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது.

ராத்திரி மீன் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரில் இறங்குகிறவன் கையில் வெளிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விடாமல் இருமிக்கொண்டே வர வேண்டும். சுருளிவேல் பகல்காரன், அன்று ராத்திரி அதை மதிக்கவில்லை. நாங்கள் வருமுன் மீனை ஆழத்துக்கு விரட்டிவிட வேண்டும் என்று, கோரைக்குள் மூச்சுக் காட்டாமல் குப்புற ஊர்ந்துகொண்டிருந்தான். சீமெண்ணெய்க்குத்தான் ரேஷன் ஆயிற்றே, என் கையில் இருந்தது காய்ந்த தென்னம்பாளை. வெளிச்சத்தைவிடப் புகை அதிகம். கோரையடியில் கறுப்பாக நீளமாக ஒன்று அசைந்தது. நானும் மீன் என்றுதான் கண்டேன். தண்ணீருக்குள் கிடப்பது மேலே கிடப்பதுபோல் கண்ணை ஏய்க்கும் என்பதால், தெரிகிற இடத்துக்குக் கீழே வெட்டு இறங்க வேண்டும். முத்துக்கருப்பன் முறைப்படி, பலம்கொண்ட மட்டும் இறக்கினான். எலும்பில் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது, அப்புறம் சுருளிவேலின் சத்தம். பாதம் தோலில் தொங்கியது. பந்தம் காட்டிய இடமெல்லாம் தண்ணீர் சிவந்தது.

முத்துக்கருப்பன் அரிவாளை எறிந்துவிட்டு, கட்டியிருந்த வேட்டியைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டி, கோவணத்தோடு அவனை முதுகில் போட்டுக்கொண்டு ஊர்வரை ஓடினான். வேண்டுமென்று வெட்டியவன் சுமப்பானா மாப்பிள்ளை?

விடிவதற்குள் உங்கள் ஐயா ஆள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வைக்கோல் படப்பு எரிந்தது. செவலைக்காளையின் வாலை அறுத்தார்கள், அது இன்னும் ஈயை விரட்டத் தெரியாமல் திகைத்து நிற்கிறது. நான் வீரமாகப் பின்பக்கச் சுவரில் ஏறினேன். சுவர் இடிந்தது. கீழே கிடந்தவன் வாயில் கம்பு விழுந்தது. முத்துக்கருப்பன் ஓடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வாங்கினான். ஏலே, கையவாவது தூக்கித் தடுத்துத் தொலைடா என்று கடைசியில் அடித்தவனே கத்தினான்.

உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் சுருளிவேல் கண் விழித்தபோது ராஜாத்தி பக்கத்தில் இருந்தாள். நாந்தான்யா வெளிச்சமில்லாம எறங்குனேன், அவென் மேல தப்பில்ல என்று அவன் உங்கள் ஐயாவிடம் அழுதானாம். காலு போச்சு, போகட்டும், வாயத் தொறந்து மானத்தையும் தொலைச்சிராத என்று ஐயா அவன் வாயைப் பொத்தினாராம். உங்களுக்குப் போட்ட கடிதத்தில் இதை எழுதியிருக்க மாட்டார். நான் குறை சொல்லவில்லை. மகன் காலைத் துணியில் சுற்றிப் புதைத்த தகப்பன் அவர்.

போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதுரையிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்தான். மேடு கண்ட இடமெல்லாம் நிற்கும், எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். நீங்களும் நன்றாகத் தள்ளுங்கள், கைச்சூடு கொஞ்சம் அதில் கழியட்டும். வந்ததும் ஐயாவிடம் போகுமுன் உங்கள் தம்பியைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள்.

வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிவிடு என்று முத்துக்கருப்பனிடம் எவ்வளவோ சொன்னேன். மச்சான் வரட்டும், எந்தக் காலு வேணும்னு அவுகளே சொல்லட்டும் என்கிறான். வாசலில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.

நேற்று ராஜாத்தி உங்கள் வீட்டிலிருந்து நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போ என்றால் கேட்கவில்லை. போன தீபாவளிக்கு நீங்கள் வந்துபோனபோது இருந்த மாதிரி இல்லை, இப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்தால் அவளாக எழ முடிவதில்லை. ஏன் என்பதை அவளே உங்களிடம் சொல்ல வேண்டுமாம். ஊர்க்கதை அத்தனையும் பேசுகிற நான் இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்திருக்கிறேன்.

நீங்கள் வரும்போதும் அவள் அங்கேதான் இருப்பாள். ஒரு கை கொடுத்து அவளை எழுப்பிவிடுங்கள் மாப்பிள்ளை. நம் சாமி சுருளிமலையான் அந்தக் கையோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சீனிச்சாமி