ஹெரால்டில் பல்லாவரத்துக்கு

அத்தை,

இன்று காலை பக்கத்து வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், வேலை முடிந்ததும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசினார். இந்தக் காலத்தில் எங்கே கிடைத்ததோ தெரியவில்லை. அந்த வாசனை மதிலைத் தாண்டி வந்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். சேலையூர் வீட்டின் பின்பக்கம், துவைக்கும் கல்லின் மேல் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பழைய அலுமினியச் சட்டியில் கார்பரேட்டரை ஊறப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்களே, அந்த வாசனை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. எனக்கும் பாஸ்கருக்கும் பதிவுத் திருமணம் ஆகி ஒரு வருடம் தாண்டியிருந்தது. நான் வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்பதால் நீங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. “அவங்க வீட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன்” என்று உங்கள் பிள்ளையிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் எதிரில் நிற்கும்போதே, “சாப்பாடு ஆறுது, அவளை வரச் சொல்லு” என்று அவரிடம் சொல்வீர்கள். அவர் ஊரில் இல்லாத நாட்களில் நம் வீட்டில் மிக்சியும் டிவியும் மட்டும்தான் பேசும்.

மாமாவின் ஹெரால்ட் கார் அப்போது பாதாம் மரத்தடியில் கிடந்தது. அவர் போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. டயர்கள் மண்ணோடு ஒட்டியிருந்தன. பின்சீட்டின் பஞ்சுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு அறை கட்டலாம் என்று பாஸ்கர் காயலான் கடைக்காரரை வரச் சொல்லியிருந்தார். இரண்டு ஆட்களோடு அவர் வந்து கயிறு கட்ட ஆரம்பித்தபோது நீங்கள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தீர்கள்.

“கயித்த அவுருப்பா. இந்த வண்டி எங்கயும் போகல.”

“அம்மா, இத வச்சிகிட்டு என்ன பண்ணப் போற?” என்றார் பாஸ்கர்.

“ஓட்டப் போறேன்.”

பாஸ்கர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. எத்தனையோ வருடம் மாமாவின் இடப்பக்கம் உட்கார்ந்து போயிருக்கிறீர்கள். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, “ரோடெல்லாம் உனக்குச் சரிப்படாது” என்று அவர் சொல்லிவிட்டாராம். அதை நீங்கள் மறக்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

இரும்புலியூரிலிருந்து ஒரு மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஒப்புக்கொண்டார். வண்டியைச் சுற்றிவந்து, “பேஜார் புடிச்ச வேலை மா இது” என்றார். ஆனாலும் வந்தார். அவர் வராத நாட்களில், கழற்றிக் கொடுத்ததையெல்லாம் நீங்களே சுத்தம் செய்தீர்கள். ஒரு சாயங்காலம் மறைமலை நகர் கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு வந்து இறங்கினேன். கார் பாகங்களைச் சரிபார்த்து அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு நட்டோடு நீங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். விரலில் தோல் உரிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தீர்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“இது கழலுமா?” என்றீர்கள்.

நீங்கள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை வாங்கினேன். “கொஞ்சம் எண்ணெய் விட்டு வச்சா கழலும் அத்தை.” நானும் அன்றுதான் உங்களை முதன்முதலாக அத்தை என்று கூப்பிட்டேன்.

பிறகு வேலை நம் இருவருடையதாகிவிட்டது. அடித்தளத் தகரம் அரித்துப் போயிருந்தது, புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தோம். ஹெரால்டின் பானெட் முழுசாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். நாம் இருவரும் ஆளுக்கொரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்ப்போம். முகப்பு விளக்கின் வளையம் தேடித் தாம்பரத்திலிருந்து ரயிலேறிப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனோம். கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாமா, ஹெரால்டா? அது செத்து எத்தினி வருசமாச்சு.”

“எங்க வீட்ல இன்னும் சாகல” என்றீர்கள்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தேடி எடுத்துவந்தார். “கூட வந்துகீற பாப்பா யாரு, பொண்ணா?”

“மருமக.”

திரும்பும்போது ரயிலில் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தீர்கள். மீனம்பாக்கம் தாண்டும்வரை அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து வண்டி ஓடத் தொடங்கியது. டிரைவிங் ஸ்கூலில் காலேஜ் பையன்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினீர்கள். முதல் சவாரிக்கு என்னை மட்டும் ஏறச் சொன்னீர்கள். மாடம்பாக்கம் கோவிலுக்கு என்று நினைத்துப் பூ வாங்கி வைத்திருந்தேன். நீங்கள் தாம்பரம் பக்கம் திரும்பினீர்கள்.

குரோம்பேட்டை சிக்னலில் வண்டி சூடாகி நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து, “இன்னா பெரிம்மா, நட்ட நடு ரோட்ல நின்னுகினு கீறீங்க?” என்றார். “சூடாயிடுச்சுப்பா. கொஞ்சம் தள்ளி விடு” என்றீர்கள், ஏதோ வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல. அவரும் தள்ளினார். ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்துவைத்து ஆறவிட்டோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

“பல்லாவரத்துல உங்கம்மா வீடு எந்தத் தெரு?”

வழி சொன்னேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்தாள். அப்புறம் உங்களைப் பார்த்தாள். நீங்கள் சைவம் என்பது அவளுக்குத் தெரியும். பதறிப்போய் மீன் சட்டியைப் பின்னால் தள்ளி, கை முழுக்கச் செதிலோடு எழுந்து நின்றாள்.

“கை வேலைய முடிச்சிட்டு வாங்க சம்பந்தி, அவசரமில்ல” என்றீர்கள். “என் கையும் பாருங்க, ஒரே கிரீஸ்.” இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப் படியேறினீர்கள். அம்மா அழுதாள். நீங்கள் அதைக் கவனிக்காதவர்போல, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா ஸ்டெல்லா” என்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

நாலைந்து வருடம் ஓட்டினீர்கள். பிறகு கண் அழுத்த நோய் வந்து பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கியது. ஒருநாள் நீங்களாகவே சாவியை என்னிடம் நீட்டிவிட்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தீர்கள். எனக்கு அப்போது ஓட்டம் சரியாகப் பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டபடி வருவீர்கள். “இப்ப கியர மாத்து” என்பீர்கள். ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. “கீழ பாக்காத. அது கேக்கும்போது குடு.”

நீங்கள் போனபின் வண்டியைக் கோயம்புத்தூரில் பழைய கார் வைத்துப் பராமரிக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். நன்றாக வைத்திருக்கிறார். என்னிடம் இப்போது சின்னக் கார் ஒன்று இருக்கிறது. பாட்டுப் போடச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். வண்டி வேகம் எடுக்கும்வரை நான் போடுவதில்லை. எஞ்சின் குரல் ஏறி, இழுத்து, கேட்கத் தொடங்கும் அந்த இடத்துக்காகக் காதைக் கொடுத்து ஓட்டுகிறேன். கை தானாக நகர்கிறது, அத்தை. இதுவரை ஒருமுறைகூட கியரைக் குனிந்து பார்த்ததில்லை.