அம்சா கேட்ட பை

அன்பு மகள் ஹேமாவதிக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மலைப்படி ஏறும்போது தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அலுவலகப் பிரிவில் இருக்கும் பிரியங்காவை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாய். புதிதாக வருகிறவர்களுக்குத் தானாகவே உட்கார்ந்து வேலை சொல்லிக் கொடுத்தவள், நீங்கள் அதற்கு விருது கொடுத்த பிறகு ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுகிறாளாம், சொன்ன வேலைக்கு மேல் ஒரு ஆளைச் செய்யவைப்பது எது என்று கேட்டாய். முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் என் மேசைக்கு வராத கோப்பு எதையும் ஒரு நாளும் தொடாதவன் என்கிற தகுதியை உத்தேசித்துத்தான் கேட்டிருப்பாய். போனில் சொன்னால் பாதியில் "சரி நைனா" என்று வைத்துவிடுவாய், அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

பஜாரில் சந்திரமோகன் வைத்திருக்கும் கணினி மையத்தில் அம்சா என்றொரு பெண் இருக்கிறாள். பென்ஷன்காரர்களின் விரல் ரேகையைப் பதிந்து, உயிரோடு இருக்கிறார் என்று சான்று எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஐப்பசியில் நான் என் உயிருக்குச் சான்று வாங்கப் போனபோது பொதட்டூர்பேட்டை கௌரியம்மாள் வந்திருந்தார். நாற்பது வருஷம் தறியில் இழை முடிந்த விரல்கள், ரேகையெல்லாம் நூலோடு போய்விட்டது. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று, ஆள் எதிரில் நின்று இருமுகிறார், இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. சான்று இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். "நான் பூட்டேன்னு அந்தப் பொட்டிக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். 'ரேகை விழவில்லை' என்று எழுதி அனுப்பியிருந்தால் அம்சாவை யாரும் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தால் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பேன். அவளோ "வெரல்ல வெளக்கெண்ண தேய்ச்சிகினு படுங்கம்மா, காலைல நானே வரேன்" என்றாள். மறுநாள் ஆறு மணி பஸ்ஸில் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்து ஒன்பது மணிக்குக் கடை திறந்தாள். ரேகை விழவில்லை. அடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் இடது மோதிர விரல் விழுந்தது. கௌரியம்மாள் அந்த விரலைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாராம். பிறகு மற்ற நெசவாளர் வீடுகளுக்கும் அம்சா போக ஆரம்பித்தாள். ஆச்சரியத்தில் திறந்த வாயை நான் இன்னும் முழுதாக மூடவில்லை.

சந்திரமோகன் நல்ல மனிதர், ஆகவே சும்மா இருக்கவில்லை. 'மாதத்தின் மகத்தான ஊழியர்' என்று கடை வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார், அம்சா படம் சின்னது, பாராட்டுகிறவர் படம் பெரியது. ஊழியர்கள் அனைவரும் தாமாகவே முன்வந்து மாதம் பத்து வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும், போட்டோவை குரூப்பில் போட வேண்டும் என்று உத்தரவும் ஒட்டினார். கூட வேலை செய்யும் ஆனந்தன் இரண்டே நாளில் பத்தும் முடித்தான், அதில் ஒன்று அவன் சொந்த வீடு. அம்சா போவதையே நிறுத்திவிட்டாள். ஏனம்மா என்றேன். "முன்ன நான் போனேன் சார், இப்ப அனுப்புறாங்க" என்றாள். சந்திரமோகனோ, ஆளை மாற்றிவிடலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார்.

அதற்குள் மழை வந்து ஃபிளெக்ஸைக் கிழித்தது. ஏணி போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருந்தவர் எரிச்சலில், "உனக்கு இன்னாதாம்மா வேணும்?" என்று மேலேயிருந்து அம்சாவைப் பார்த்துக் கத்தினார். அதுவரை அவர் கேட்காத கேள்வி அது. "மிஷினுக்கு ஒரு தண்ணி எறங்காத பை சார். பஸ்ஸு ஒழுவுது, முந்தானில சுத்திகினு நான் நனைஞ்சிகினே போனேன்" என்றாள். அவர் ஏணியைவிட்டு இறங்கிப் போய் பை வாங்கி வந்தார். மறுநாள் ஆறு மணி பஸ்ஸில் அம்சா இருந்தாள், யாரும் போகச் சொல்லவில்லை. ஒட்டியிருந்த உத்தரவைச் சந்திரமோகன் முந்தின நாளே கிழித்துவிட்டார். ஃபிளெக்ஸ் இப்போது பக்கத்துக் கடை வெங்காய மூட்டையை மூடுகிறது, நனைவது சந்திரமோகன் படம் இருக்கும் பக்கம்.

மலைமேல் இருப்பவரைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நான் நேற்று அந்த ஆறு மணி பஸ் கிளம்புவதைப் பார்க்கப் போய் நின்றேன். ஜன்னலோரம் பையை அணைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தாள். கை தானாகக் கும்பிட மேலே போயிற்று, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

பிரியங்காவுக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்று விவரமாகச் சொன்னாய், அவள் என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குறையின்றி நீடூழி இருக்கத் தணிகைநாதன் துணை இருப்பான். கம்பளிக் குல்லாயை மறக்காதே. எழுதுவது வெள்ளிக்கிழமை என்றால் கேட்பதற்கு வியாழக்கிழமை வரை இருக்கிறது.

உன் நைனா,
ஜம்புலிங்கம்
திருத்தணி