கம்பெனி பஸ்ஸில் நீ கேட்ட கேள்வி

இன்று காலை பஸ்ஸில் சுக்கு வாசனை. பக்கத்துச் சீட்டுப் பெண் டப்பாவைத் திறந்து கோவில் இட்லியை விண்டுகொண்டிருந்தாள். சுக்கும் மிளகும் மந்தாரை இலையும் கலந்த அந்த வாசனைக்கு யாருக்கும் பசிக்கத்தான் செய்யும். எனக்கு மட்டும் பசிக்கவில்லை. சனிக்கிழமைகளில் நீ கொண்டுவருவாயே, அதே இட்லி. "சாப்டுக்கா, சூடா இருக்குது" என்று அவள் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மடியில் குரூப் டூ கைடு விரித்தபடி கிடந்தது.

இந்தப் பெண்ணை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவள், ஏனாத்தூர்க்காரி. நம் டிஸ்பாட்ச் ஆபீஸில், நீ உட்கார்ந்த அதே மேஜையில், எட்டு மாதமாக கான்ட்ராக்டில் இன்வாய்ஸ் போடுகிறாள். நேற்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணைப் பர்மனென்ட் பண்ணலாமான்னு பாக்கறேன். நிப்பாளா, எக்ஸாம் எதாவது படிக்கிறாளான்னு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லு. உங்க ஊர் பஸ்லதானே வரா" என்றார். சரி சார் என்று வெளியே வந்தேன். எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் என்று உனக்குத்தான் சொல்ல வேண்டும். உனக்கு மட்டும்தான் சொல்ல முடியாமலும் இருந்தது.

நம் பஸ் ஒரு தனி ஊர், இல்லையா? ஆறேகாலுக்கு சின்ன காஞ்சிபுரத்தில் நான் ஏறும்போது, முந்தின ஸ்டாப்பிலேயே ஏறிவிட்ட நீ எனக்காக சீட்டில் துப்பட்டாவைப் போட்டு வைத்திருப்பாய். அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் கைடு வெளியே வந்துவிடும். நீ கேள்வியைச் சத்தமாகப் படிப்பாய், பஸ்ஸே பதில் சொல்லும். "வைட்டமின் சி கொறைஞ்சா இன்னா நோய் வரும்?" என்று நீ கேட்டதற்கு, பின் சீட்டிலிருந்து வெல்டிங் ஷாப் அண்ணன் ஒருவர் "திங்கக்கெழம நோய்பா!" என்று கத்தியதும், டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கிறது. உன் சிரிப்புதான் கடைசியாக அடங்கியது.

அந்த பஸ்ஸுக்கு ஒரே ஒரு சட்டம். டிரைவர் அண்ணன் புதிதாக ஏறுகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "இங்க யாரை வேணா திட்டு, எங்க வேணா இன்டர்வியூ போ. பஸ்ஸுல பேசுனது கம்பெனி கேட்டாண்டயே எறங்கிடணும்." அதனால்தான் மேனேஜரைத் திட்டுகிறவரும், வேறு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்புகிறவரும், படிக்கிற நாமும் அத்தனை பேர் நடுவில் பயமில்லாமல் இருந்தோம். சூப்பர்வைசர்கள்கூட அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். ஒரு சொல் கேட்டைத் தாண்டியதில்லை.

நான் தாண்டவைத்தேன்.

அந்த வருஷம் நம் செக்ஷனுக்கு ஒரே ஒரு பர்மனென்ட் இடம். நீ, நான், இரண்டு பேரும் கான்ட்ராக்ட். உன் கை வேகம் என்னைவிட அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கு நன்றாகவே தெரியும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தபோது மேனேஜர் டீ கப்போடு வந்தார். "உன் ஃபிரண்டு நல்லா வேலை செய்றா. நிப்பாளா?" என்றார், ஏதோ வெயிலைப் பற்றிக் கேட்பதுபோல. நான் சிரித்துக்கொண்டே, "எங்க சார், அவ குரூப் டூக்குப் படிச்சிக்கினு இருக்கா. பஸ்ல நாங்கதான் வாத்தியாரு" என்றேன். அவரும் சிரித்தார். ஜெராக்ஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு வந்தேன். நீ தலையை நிமிர்த்தாமல், "எனக்கும் ரெண்டு காப்பி எடுத்தியாடி?" என்று கேட்டாய்.

பெருமையாகத்தான் சொன்னேன், வாய் தவறித்தான் வந்துவிட்டது என்று எனக்கு நானே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. நானும் அதே கைடைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்தது. உனக்கு, மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிகிறது என்ற கடிதம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நீ வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தாய். வாலாஜாபாத் வரைக்கும் கைடைப் புரட்டினாய். பிறகு, என் முகத்தைப் பார்த்து, "நான் படிக்கிறேன்னு சாருக்குத் தெரிஞ்சிருக்குதுடி. யாரு சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாய். கோபமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் கேட்டாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "யாருன்னு தெரியலையே" என்றேன். நீ "ம்" என்றாய். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நீ அதே பஸ்ஸில் வந்தாய். எனக்கு இடம் போட்டாய். பஸ்ஸில் கேள்வி கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் பாலாற்றுப் பாலத்துக்குப் போனாய். தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றோம். வழக்கமாக நான்தான் அங்கேயும் பாடத்தைப் பற்றிப் பேசுவேன், நீ "ஞாயித்துக்கெழமகூட கொஸ்டின் கேட்டா ஆத்துல தள்ளிடுவேன்டி" என்று மிரட்டுவாய். அன்று நீயாகவே, "நீ படிக்கிறதை மட்டும் விட்றாதடி. இந்த வேலையை நம்பிக்கினு உக்காந்துடாத" என்றாய். நான் பஜ்ஜிக்காரரிடம் இன்னொரு பிளேட் சொன்னேன்.

உனக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. மூன்று மாதம் போனது. அப்புறம் காய்ச்சல், டெங்கு என்றார்கள், நாலாவது நாள் நீ இல்லை. உன் வேலை போனதற்கும் நீ போனதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். கொசுவுக்கு யார் பர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்று தெரியாது. ஆனால் உன் வீட்டுக் கூடத்தில், நிறுத்திவைத்த தறிக்குப் பக்கத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப்பத்தியே பேசிக்கினு இருப்பாமா" என்று அழுதார்கள். அந்தக் கையை உருவிக்கொண்டு ஓட வேண்டும்போல் இருந்தது.

நான் படிப்பதை விட்டுவிட்டேன். ஞாயிறு மதியம் ஆனால் போதும், மறுநாளை நினைத்து எதிலும் மனம் நிற்காது. செல்போனில் எதையாவது தள்ளிக்கொண்டே பொழுதைப் போக்குவேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா, "பர்மனென்ட் வேலை" என்று அழுத்திச் சொல்லும்போது எழுந்து உள்ளே போய்விடுவேன். வெட்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வேறு வேலை தேடவும் கை வரவில்லை. உன்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால், அதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடுமே என்று ஒரு கோணல் புத்தி.

இன்று நாலரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். படிக்கிறாள் என்றால் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை. படிக்கவில்லை என்று சொல்லி, நாளைக்கு அவள் தேறிப் போய்விட்டால் என் கழுத்துக்கு வரும்.

"சொல்லும்மா. எப்படி அந்தப் பொண்ணு?"

"வேலை சுத்தம் சார். எட்டு மாசத்துல ஒரு இன்வாய்ஸ்கூடத் திரும்பி வரல."

"அது எனக்கே தெரியும். எக்ஸாம் படிக்கிறாளா?"

கண்ணாடித் தடுப்பு வழியாக உன் மேஜை தெரிந்தது. அவள் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அதை அவளையே கேளுங்க சார். வேலையைப் பத்தி எது கேட்டாலும் நான் சொல்றேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார். "என்னம்மா புதுசா? அன்னைக்கு உன் ஃபிரண்டைப் பத்திக் கேட்டப்ப பட்டுனு சொன்னியே. அவகிட்டகூட அதைத்தான் சொன்னேன். உன் ஃபிரண்டே சொல்றா நீ போயிடுவேன்னு, அப்புறம் எப்படிம்மா உனக்குக் குடுக்கறதுன்னு."

"எப்ப சார் சொன்னீங்க?" என்று கேட்டது என் குரல்தானா என்று தெரியவில்லை.

"லெட்டர் குடுத்தனே, அன்னைக்குத்தான்."

கதவுவரை போய்த் திரும்பினேன். பிறகு, "நானும் அப்ப படிச்சிக்கினுதான் சார் இருந்தேன். அதை உங்ககிட்ட சொல்லல" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை என் ஃபைலில் என்னவாக ஏறும் என்று தெரியாது. "சரி, நீ போ. அந்தப் பொண்ணை வரச்சொல்லு" என்றார்.

அவள் பத்து நிமிஷம் உள்ளே இருந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் அவளாகவே சொன்னாள். "கேட்டாருக்கா. ஆமா சார், படிக்கிறேன்னுட்டேன். யோசிச்சு சொல்றேன்னாரு."

"பயமா இல்லையாடி?"

"பயமாத்தான் இருக்குது. வேற யாராவது போயி சொல்றதுக்கு நானே சொல்லிடலாம், இல்லக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் இதை எழுதுகிறேன். அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நீ பஸ் ஏறியபோதே உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். யார் சொன்னது என்று தெரிந்துகொள்வதற்காக நீ கேட்கவில்லை. நானே சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்லாதபோதும் மறுநாளும் இடம் போட்டு வைத்தாய், அதற்கு மறுநாளும். பாலத்துக்குக் கூட்டிப்போனதும் அதற்காகத்தானோ என்னவோ. ஒரு மாதம், போக ஒரு மணி, வர ஒரு மணி, எனக்காகக் காத்திருந்திருக்கிறாய். நான் அத்தனை நேரத்தையும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தே தீர்த்துவிட்டேன்.

நான்தான்டி சொன்னேன்.

இதோ, எழுதிவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இதைக் கேட்க நீ அத்தனை நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய்.