சட்டைப்பை வெல்லம்

அம்மா,

உனக்கு வருசம் திரும்புகிறது. படையலுக்குப் பாயசம் வைக்கலாம் என்று வெல்லத்தைத் தட்டி அடுப்பில் போட்டேன். அது இளகி வாசனை வந்ததும் ஊரில் உள்ளவர்களுக்குப் பொங்கல் ஞாபகம் வரும். எனக்கு அப்பாவின் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. நேற்று விசாரணை இருந்தது. அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இலை போட மனம் வரவில்லை.

அப்பா வேலை பார்த்தது கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, நூலாக்குகிற தொழிற்சாலை. தூசிப் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தினமும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடுமாம். முகமூடி கேட்டவர்களுக்கும் அதே வெல்லம்தான். அப்பா அதைத் தின்னாமல் சட்டைப்பையில் போட்டுத் தாராவி வரைக்கும் கொண்டுவருவார். நீ வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, படியில் நின்று படபடவென்று உதறுவாய். பிறகு பைக்குள் கைவிட்டு வெல்லத்தை எடுத்து, ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியை ஊதிவிட்டு என் வாயில் வைப்பாய்.

"ஏட்டி, கடிக்காத. சப்பித் தின்னு, ரொம்ப நேரம் வரும்."

சுத்தம் பார்க்கிற குடும்பம் நாம். ஊதாமல் எதையும் தின்றதில்லை.

அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, யூனியன்காரர்கள் வைத்த மருத்துவ முகாமுக்கு நாம் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டே, வெளியே நீ இருமுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உன்னையும் உள்ளே கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல தாயி, வீடு தூத்த தூசி" என்றாய். அவர் விடவில்லை. அடுத்த வாரம் உங்கள் இருவரின் எக்ஸ்ரே படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். எது யாருடையது என்று பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"உதறித் தொவச்சதுக்கா இது?" என்று கேட்டாய். அவர் ஆமாம் என்றார். திரும்பி வரும்போது சயான் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டாய். மூச்சுத் திணறலாக்கும் என்று நான் பதறினேன். நீ கம்பெனியைத் திட்டத் தொடங்கினாய். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கோபம் வந்துவிட்டால் உனக்கு மூச்சுக்குக் குறைவே கிடையாது.

அப்பா போன பிறகு அவர் பெயரிலும் உன் பெயரிலும் இழப்பீடு கேட்டு மனுப் போட்டோம். கம்பெனி வக்கீல் எழுந்து, தொழிலாளர்களை நாங்கள் பிள்ளைகள்போலப் பார்த்துக்கொண்டோம், தினமும் வெல்லம்கூடக் கொடுத்தோம் என்றார். யூனிஃபார்ம் எல்லாம் கம்பெனியிலேயே துவைக்கப்பட்டது, ஒரு துணிகூட கேட்டைத் தாண்டவில்லை என்றும் சொன்னார். மனுவை விசாரித்த அதிகாரி உன்னிடம், அங்கே நீ என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்.

"கம்பெனி கா கப்டா தோயா, சாப். பகார் நை மிலா."

கம்பெனித் துணிதான் துவைத்தேன், சம்பளம்தான் வரவில்லை என்று உன் தாராவி ஹிந்தியில் நீ சொன்னதும் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பேரம். உன் மனுவை விலக்கிக்கொண்டால் அப்பாவுடையதை உடனே முடித்துத் தருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். நம் யூனியன் அண்ணாச்சிக்கே மனம் ஆடிவிட்டது. "தங்கச்சி, வாறத வாங்கிக்கிடுவோம்" என்றார். நீ அப்போது ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய்.

"வாங்கலாம் அண்ணாச்சி. ஆனா நான் தொவைக்கலன்னு எழுதிக் குடுத்தா, அவுக இத்தன வருசமும் அழுக்குச் சட்டையோடயா வேலைக்குப் போனாக?"

அண்ணாச்சி அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. தீர்ப்பு வருமுன் நீயும் போய்விட்டாய்.

நேற்று அதே வக்கீல். ஆளே இல்லை, இனி உன் மனு எதற்கு என்று ஆரம்பித்தார். துணி வீட்டுக்கு வந்ததற்கு என்ன அத்தாட்சி என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு அவர் வெல்லத்தைப் பற்றிப் பேசியதிலேயே பதில் இருந்தது, அம்மா.

"நீங்க குடுத்த வெல்லம்தான் சார் அத்தாட்சி. நான் உங்க கேட்டுக்குள்ள ஒரு நாளும் வந்ததில்ல. எங்கப்பா சட்டைப்பையிலேருந்து எங்கம்மா எடுத்துக் குடுப்பா, நான் திம்பேன்" என்று ஹிந்தியும் தமிழுமாகச் சொன்னேன். அண்ணாச்சி தமிழை மட்டும் அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார்.

உன் அப்பா வெல்லத்தைச் சட்டைப்பையில் போடாமல் கையிலும் கொண்டுவந்திருக்கலாமே என்றார் வக்கீல்.

அவரோடு அதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை. போன மாதம் அதே டாக்டரம்மா எனக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தேன். வெல்லம் கையில் வந்திருந்தால் இது எதில் வந்தது என்று கேட்டேன். அதிகாரி படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மனு தொடரும் என்று சொல்லி அடுத்த தேதி கொடுத்தார்.

ஆமாம் அம்மா, எனக்கும் இருக்கிறது. சின்ன நிழல்தான், வருசா வருசம் வந்து காட்டினால் போதும் என்கிறார் டாக்டரம்மா. இப்போது குடியிருக்கும் டோம்பிவிலியிலிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போய்த் திரும்புகிறேன், ஒன்றும் செய்யவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ ஊட்டியது வெல்லம். தூசியைச் சேர்த்து அனுப்பியவர்கள் பதில் சொல்லட்டும். உன் மனுவோடு என் மனுவும் இனி அந்த மேஜையில் இருக்கும்.

பாயசத்துக்குப் போக ஒரு கட்டி மீந்தது. அப்பாவிடமிருந்து வாங்கி எனக்கே தந்துகொண்டிருந்தாய், நீ தின்று நான் பார்த்ததில்லை. அதனால் அதை உன் இலையில் வைக்க எடுத்தேன். வைப்பதற்கு முன்னால் என்னை அறியாமலே அதை ஊதினேன்.

ஊத மூச்சு இருக்கிறது, அம்மா. அடுத்த தேதிக்கும் போவேன்.