இருபது மீட்டர் உயரத்தில்

கடலாய்வு மேடை 4, நாகைக்குக் கிழக்கே
பதிவு: முனைவர் மங்கையர்க்கரசி

ஜூன் 17, காலை 6.10

காற்று இல்லை. கடல் தட்டையாகக் கிடக்கிறது. மேடையில் நான் மட்டும்தான். உடன் வேலை பார்க்கும் புகழேந்தி தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அடியாழத்தில் ஆக்சிஜன் பூஜ்யம். நேற்றும் பூஜ்யம். இங்கே இது வழக்கம்தான், பதற ஒன்றுமில்லை.

பின்னால் யாராவது இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. பூமியில் உயிர்கள் கூண்டோடு அழிந்தது எப்படி என்று யாரைக் கேட்டாலும் விண்கல் என்பார்கள். டைனோசருக்கு அது சரி. அதற்கு வெகு முன்னால், இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், அதைவிடப் பெரிய அழிவு ஒன்று நடந்தது. அதற்கு வானத்தின் மேல் பழி போட முடியாது. எரிமலைகள் ஓயாமல் கக்கின, காற்றில் கரியமில வாயு ஏறியது, கடல் சூடானது. சூடான நீரில் ஆக்சிஜன் தங்கவில்லை. ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கின. அழுகிய முட்டை நாறுமே, அந்த விஷவாயுதான். அது கடலை விட்டு மேலேயும் வந்து கொன்றிருக்கலாம் என்பது எங்களில் சிலருடைய கணிப்பு. இந்தக் கடலில் அது மறுபடி தொடங்குகிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

காலை 8.40

ஐம்பது மீட்டர் ஆழத்தில் சல்பைடு. இதுவரை இவ்வளவு மேலே வந்ததில்லை. விதிப்படி உடனே கரைக்குச் சொல்லி, படகுகளைத் திருப்ப வேண்டும். சொல்லவில்லை. இன்னொரு அளவீடு எடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

ஏன் என்றும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் இதே வாரம், மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்பிய மறுநாளே, நான் எச்சரிக்கை கொடுத்து எல்லாரையும் வெறும் வலையோடு திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. சென்சாரில் பாசி பிடித்திருந்தது. அதிலிருந்து துறைமுகத்தில் டீ குடிக்கப் போனால், “டாக்டரம்மா, இன்னிக்குக் கடலுக்குப் போலாமுங்களா, உத்தரவு உண்டா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். பூச்சாண்டி டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நானும் இளித்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

காலை 9.30

சென்சாரைத் துடைத்து மாட்டி எடுத்த இரண்டாவது அளவீடும் அதேதான். இப்போது முப்பது மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. இன்னும் ஒன்று எடுக்கிறேன்.

வயர்லெஸ்ஸில் கலியமூர்த்தி. விசைப்படகு ஓட்டுகிறவர். மேடைக்குத் தெற்கே ஐந்து ஆட்களோடு வலை போட்டிருக்கிறார். போகிற போக்கில் கயிற்றில் கட்டி எனக்கு மீன் அனுப்புகிற மனுஷன்.

“டாக்டரம்மா, தண்ணி பால் மாதிரி வெளுத்துக் கெடக்கு. மீனெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மேல வருது. முட்ட நாத்தம் வேற. என்னாங்க இது?”

என் பதில்: “பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு அரை மணி நேரம் பொறுங்க.”

பொறுக்க வேண்டுமாம். எழுதவே கை கூசுகிறது. சல்பைடு மேலே வந்து கந்தகமாகப் பிரிந்தால் நீர் பாலாக வெளுக்கும் என்று நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

“சரிங்கம்மா. மீன் சும்மா மெதக்குது, அள்ளிக்கிட்டு இருக்கோம்.”

காலை 10.15

மூன்றாவது அளவீடு. நீர்ப்பரப்பிலேயே வாயு. கரைக்குச் சொல்லிவிட்டேன். வடக்கே இருந்த படகுகள் எல்லாம் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

கலியமூர்த்தி: “நாத்தம் போயிடுச்சுங்கம்மா. தலதான் கிண்ணுன்னு இருக்கு.”

நாற்றம் போகவில்லை. வாயு அதிகமானால் முதலில் மூக்கு மரத்துப்போகும். அதைச் சொன்னேன். வலையை அறுத்துவிட்டுத் தெற்கே ஓடுங்கள் என்று கத்தினேன்.

“நீங்க?”

“நான் உயரத்துல இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகாது.”

உண்மைதான். இந்த வாயு காற்றைவிடக் கனம், தண்ணீரை ஒட்டியே படரும். நான் இருபது மீட்டர் மேலே நிற்கிறேன்.

“ஒங்கள விட்டுட்டு எப்புடிங்க போறது? தனியா நிக்கிறீங்க. ஏத்திக்கிட்டுப் போயிடறோம், ஏணிகிட்ட வந்துருங்க.”

“வராதீங்க. இங்கதான் அதிகம். கெஞ்சிக் கேக்கறேன், வராதீங்க.”

“சும்மா இருங்கம்மா. இதோ வந்துட்டோம்.”

பிறகு இருமல் மட்டும் கேட்டது.

10.40

படகு தெரிகிறது. நேராக என்னை நோக்கி. சைரன் போட்டேன், இரண்டு கையையும் ஆட்டினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முன்னால் நின்றவர் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார்.

போன வருஷம் இவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான். இந்த வருஷம் இவர்கள் சிரிப்புக்குப் பயந்தவள். என்னைக் காப்பாற்ற வருகிறார்கள்.

11.20

சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இங்கே இருப்பது ஒன்றே ஒன்று. அவர்கள் ஆறு பேர். கலியமூர்த்தி ஏணியின் கடைசிப் படியைப் பிடித்திருந்தார். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மற்றவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தேன். யாருக்கும் மூச்சில்லை. சிலிண்டர் தீரப்போகிறது என்று விசில் அடித்தது. ஏறி வந்துவிட்டேன். நான்தான் ஏறி வந்தேன்.

அந்தக் காலத்து அழிவுகளில் எந்தப் பிராணிக்கும் எதுவும் முன்கூட்டித் தெரியாது. எனக்கு எட்டு நாற்பதுக்கே தெரிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. படகு மேடையின் காலில் மோதுகிறது, விலகுகிறது, மோதுகிறது. ஹெட்போனை மாட்டினாலும் கேட்கிறது.

12.05

கரையிலிருந்து கட்டுப்பாட்டு அறை அதிகாரி. ஆறு பேர் விஷயம் சொன்னேன். எந்தப் படகு என்று கேட்டார். அப்புறம்,

“மனச விட்டுடாதீங்க மேடம். நீங்க சொன்னதாலதான் நாப்பது படகு பொழச்சுது. இங்க எல்லாரும் ஒங்களத்தான் கும்பிடறாங்க. ரிப்போர்ட்டுல போடணும், மொதல் அளவீடு எத்தன மணிக்கு வந்துச்சு?”

பத்தே கால் என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார்.