சோபா வரிசை

1949

பிப்ரவரி 6, ஞாயிறு

உளுந்து ஊறப் போட்டுவிட்டு ஆட்டுரலைக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் ஒரு பெரிய காகிதத்தைக் கொண்டுவந்து அடுக்களைத் தரையில் விரித்தார். ஈரத் தரை என்று சொல்வதற்குள் ஒரு மூலை நனைந்துவிட்டது. அதற்கும் எனக்குத்தான் வசவு.

அடுத்த மாதம் ஆறாம் தேதி உப்பளத்துக்குத் தெற்கே உள்ள பொட்டலில் மோட்டார் ரேஸ் நடக்கிறதல்லவா, அதில் யார் எங்கே உட்காரலாம் என்று கமிட்டியார் போட்டிருக்கும் படம் அது. மேடையில் சோபா வரிசை. டீ, கேக், ஐஸ் போட்ட சர்பத், ஆளுக்கொரு மாலை எல்லாம் உண்டு. வளைவுக்குப் பக்கத்தில் நாற்காலி வரிசை, அங்கே வெறும் சர்பத். அப்புறம் பலகை. அதற்கும் அப்புறம் உப்பள வரப்பில் நின்று பார்க்கிறவர்கள்.

இவருக்கு எட்டயபுரம் ரூட் பெர்மிட் வேண்டும். ஆத்தூருக்கு ஓடும் இரண்டு பஸ் போதாதாம். அதற்காகப் பெர்மிட் கொடுக்கிற ஆபீசரையும் அவர் சம்சாரத்தையும் ரேஸுக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறார். ஆபீசர் அம்மாளுக்குப் பேச்சுத்துணை நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததற்கு இப்போதுதான் ஒரு உபயோகம் வந்திருக்கிறது.

எனக்குச் சந்தோஷம்தான். அந்த ரேஸில் என் தம்பி சிவனாண்டி ஓட்டுகிறான்.

பிப்ரவரி 8, செவ்வாய்

நடு சோபாவா, நடுவுக்கு இடதா, வலதா? இரண்டு நாளாக இதே பேச்சு. சோறு ஆறுகிறது.

பிப்ரவரி 10, வியாழன்

சிவனாண்டி ஷெட்டிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வந்தான். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்பின் சட்டத்தில் எங்கள் பழைய பஸ்ஸின் எஞ்சினை ஏற்றி எட்டு மாதமாக ஒரு வண்டி கட்டியிருக்கிறான். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் ஓடுகிறது.

அம்மா செத்தபோது இவனுக்கு ஏழு வயது. இந்த வீட்டில்தான் வளர்ந்தான். எனக்கென்று வேறு பிள்ளை இல்லை. ரேஸ் நல்லபடியாக முடியாவிட்டால் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு ஆத்தூர் பஸ்ஸை ஓட்டப் போக வேண்டும் என்று இவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவனும் சரி என்றிருக்கிறான்.

சாப்பிட உட்கார்ந்தவன், "அக்கா, நீ வளைவுப் பக்கம் இரு. அங்கனதான் நான் வண்டிய ஒடிச்சுத் திருப்பணும். நீ நிக்கது தெரிஞ்சா எனக்குப் போதும்" என்றான்.

வேறு எதுவும் கேட்கிற பிள்ளை இல்லை அவன். இவரிடம் பக்குவமாகச் சொன்னேன். நாற்காலி வரிசையில் நாலு இடம் எடுப்போம், அங்கேதான் நன்றாகத் தெரியுமாம், ஆபீசர் அம்மாளும் பார்ப்பார்களே என்று. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"ஏளா, ஆபீசர நாற்காலியில உக்கார வைக்கவா?"

அவர் வீட்டிலும் நாற்காலிதானே இருக்கும். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, ஞாயிறு

இன்று இடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்.

மேடை கட்டியாகிவிட்டது. சோபாக்களும் வந்து இறங்கிவிட்டன. பெரிய வீடுகளிலிருந்து இரவல் வாங்கிய தேக்குச் சோபாக்கள், முதுகு ஆள் கழுத்து உயரம். பின்னால் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டி, பஞ்சில் நல்வரவு என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சோபா முதுகின் மேல்விளிம்புக்கும் துணியின் கீழ்விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எதிரே பலகை வரிசைகள் தெரிந்தன. ரேஸ் எங்கே ஓடும் என்று கேட்டேன்.

எனக்குப் பின்னால் ஓடுமாம்.

முதலில் என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். கமிட்டிச் செயலாளர் தேவபிரசாதம் சார் பொறுமையாக விளக்கினார். பொதுக்கூட்டம், நாடகம், பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் இருபது வருஷமாக அவர்தான் நடத்துகிறார். மேடையில் பெரியவர்கள் சனங்களைப் பார்த்துத்தானே உட்காருவார்கள். அதே கணக்கில் போட்டுவிட்டார். சோபாக்களைத் திருப்பிப் போடக்கூடாதா என்று கேட்டேன்.

"திருப்பிப் போட்டா பெரிய மனுசங்க சனத்துக்கு முதுகக் காட்டின மாதிரி ஆயிரும்மா. மரியாதையா இருக்காது" என்றார்.

அப்போ மோட்டாருக்கு முதுகைக் காட்டலாமா? சனம் வருவது மோட்டாரைப் பார்க்கவா, இவர்கள் மீசையைப் பார்க்கவா? கேட்க வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். வழியெல்லாம், கமிட்டிக்காரர்களைச் சபையில் வைத்து மட்டம் தட்டுகிறேனாம், பெரிய மனுசர்கள் நாலு பேர் வாங்குகிற இடத்தில் குற்றம் சொல்கிறேனாம். ஒரு சோபாவுக்கு இருபத்தைந்து ரூபாய். ஒன்றும் பார்க்காமல் இருக்க இருபத்தைந்து ரூபாய்!

பிப்ரவரி 20, ஞாயிறு

டிக்கெட் வந்துவிட்டது. நடுவுக்கு வலது பக்கம் இரண்டு சோபா. ஒன்றில் ஆபீசரும் இவரும், அடுத்ததில் ஆபீசர் அம்மாளும் நானும். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். நான் மட்டும் வளைவில் போய் நிற்கிறேன், ஆபீசர் அம்மாளுக்குத் துணையாகத் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் மைனியைக் கூப்பிடுவோம் என்றேன். மைனிக்கு இங்கிலீஷ் தெரியாதாம். எனக்கு மட்டும் என்ன தெரியும்? கம், சிட், தேங்க் யூ.

"பெர்மிட்டு கையில வார வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக ஏதாவது ஒன்று கைக்கு வருகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிவனாண்டியிடம் மேடையில் இருப்பேன் என்று மட்டும் சொன்னேன். சோபா எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிக்கா, மேடையத் தாண்டித்தான் வளைவு. பாத்துக்கிடுதேன்" என்றான்.

மார்ச் 5, சனி

மல்லிகைப்பூ சொல்லியாகிவிட்டது.

மார்ச் 7, திங்கள்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ஊரார் சொல்வதெல்லாம் நானே பார்த்தது மாதிரி ஆகிவிடும்.

வெயில் நேரே முகத்தில் அடித்தது. மாலை போடவே அரைமணி நேரம், அதற்குமேல் இரண்டு பிரசங்கம். பத்துச் சுற்று என்று அறிவித்துக் கொடியை அசைத்தார்கள். அசைத்ததாகக் கேள்வி. பின்னால் ஒரே இரைச்சல். எதிரே பலகையில் இருந்த சனமெல்லாம் கழுத்தை இடமிருந்து வலமாகத் திருப்பினார்கள். நாங்கள் ஏழு சோபாக்காரர்கள் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். திரும்பிப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். கீழே ஓடும் வண்டி தெரிய, சோபாவில் முழங்காலிட்டு ஏறி அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்க வேண்டும், அதை முதலில் யார் செய்வது? ஆபீசர் அசையவில்லை. அதனால் யாரும் அசையவில்லை.

மூன்றாவது சுற்றில், ஐஸ் இன்னும் வரவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் இறங்கிப் போனார்.

எங்கள் பழைய எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி கேஸில் ஓடியபோதே தெருமுனையில் வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். பின்னால் ஒவ்வொரு தடவை அது கடக்கும்போதும் எண்ணிக்கொண்டேன். நாலு. ஐந்து. ஆபீசர் அம்மாள் இந்த ஊர்த் தண்ணீர் ஏன் இப்படிக் கரிக்கிறது என்று கேட்டார்கள். ஏதோ சொன்னேன். ஆறு. ஏழு.

எட்டாவது சுற்றில் எங்களைத் தாண்டிய உடனே சத்தம் அறுந்துவிட்டது. எதிரே அத்தனை சனமும் எழுந்து நின்றது. பலகையில் இருந்த ஒரு பொம்பிளை வாயில் அறைந்துகொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பி செத்தானா பிழைத்தானா என்று அந்த முகத்தில்தான் தெரிய வேண்டும். கையில் டீ கோப்பை. ஆபீசர் அம்மாள் கேக் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அந்தப் பொம்பிளை சிரித்தாள். சனம் கூச்சல் போட்டது. எஞ்சின் சத்தம் மறுபடி கேட்டது. சிவனாண்டி இரண்டாவதாக வந்தான். பரிசு கொடுக்கும்போதுதான் இவர் மேடைக்குத் திரும்பி வந்தார். ஐஸ் கடைசிவரை வரவே இல்லை.

வீட்டில் வைத்து, "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டான். நல்லா ஓட்டினடே என்றேன்.

மார்ச் 9, புதன்

வீட்டுக்கு வருகிற ஆளுக்கெல்லாம் இவர் கதை சொல்கிறார். நாலைந்து தடவை காதில் விழுந்துவிட்டது. முன்சக்கரம் ஒரு முழம் மேலே தூக்கிவிட்டதாம். மச்சினன் உடம்பை அப்படியே மறுபக்கம் சாய்த்து வண்டியை அமுக்கினானாம். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தானாம்.

பல்லைக் கடித்தது மேடையிலிருந்து எப்படித் தெரியும்?

வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். ஏழு சுற்றும். வளைவில், சனத்தோடு சனமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. நேருக்கு நேர் கேட்டேன். கொஞ்சங்கூட வெட்கப்படாமல் சொன்னார்:

"ஆபீசர் பக்கத்துல நீ இருக்கேங்கிற தைரியத்துலதாம்ளா போனேன்."

தோசைக்கல்லைப் படாரென்று இறக்கி வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அவர் மேல் உள்ள கோபம் பாதிதான். அவருக்கு எழுந்து போகத் தெரிந்தது. எனக்கு ஏன் தெரியவில்லை? யாராவது என்னைக் கயிறு போட்டா கட்டியிருந்தார்கள்?

மார்ச் 18, வெள்ளி

பெர்மிட் வந்துவிட்டது. தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். எனக்கு வேண்டாம் என்றேன்.

மார்ச் 27, ஞாயிறு

ரேஸ் பார்க்க வந்திருந்த கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் சிவனாண்டிக்கு எழுதியிருக்கிறார். அவருடைய ஒர்க்ஷாப்பில் வேலை. வண்டியையும் கொண்டுவரலாமாம், எஞ்சினுக்கு அவரே விலை கொடுத்துவிடுகிறாராம். இவர் உடனே சம்மதித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். நல்லதுதானே.

ஏப்ரல் 3, ஞாயிறு

காலை வண்டிக்கு அவனை அனுப்பிவிட்டு வந்தேன். ரயிலடியில் இவர் டிக்கெட் வாங்கப் போயிருந்த நேரத்தில் சொல்லிவிட்டேன். நான் எதையும் பார்க்கவில்லை, சோபா அந்தப்பக்கம் பார்த்துக் கிடந்தது, உன்னிடம் பொய் சொன்னேன் என்று.

"தெரியும்க்கா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "ஒவ்வொரு சுத்துலயும் மேடையப் பாத்தேன். அந்த இடைவெளியில உன் கொண்டைப்பூ மட்டும் தெரிஞ்சிது. இப்பத் திரும்புவா, இப்பத் திரும்புவான்னு பாத்துக்கிட்டே போனேனா, எட்டாவது சுத்துல வளைவு வந்ததக் கவனிக்கல. அதான் சக்கரம் தூக்கிருச்சு."

என்னைக் குற்றம் சொல்லவில்லை அவன். ஏதோ வேடிக்கை நடந்த மாதிரி சொன்னான். வண்டி வந்துவிட்டது. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். ஆடி மாதம் அங்கே ஒரு ரேஸ் இருக்கிறது, மேடை கீடை ஒன்றும் கிடையாது, வளைவில் சனம் நிற்கக் கயிறு கட்டி விட்டிருப்பார்கள் என்றான். வாரேன் என்றேன்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. ஆடியில் கோயம்புத்தூர் போகிறேன் என்று சொன்னேன்.

"அங்கன உக்கார எடம் எப்படியாம்?" என்றார்.

நிக்கணுமாம் என்றேன். ரசம் ஊற்றினேன்.